காலையில் மட்டும் கல்லாகும் பெடல்

உங்கள் பயிற்சி அதிகாரி என்னைக் கூப்பிட்டபோது, "மெக்கானிக் வேலை பழக வந்த பசங்களுக்கு உற்சாகமா நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். உற்சாகம் வேண்டுமென்றால் வேறு ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கோயம்புத்தூர் பணிமனைகளில் கிரீஸும் புகையுமாகக் கிடந்து, கடைசியில் கோளாறு கண்டுபிடிக்கிற பிரிவின் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் காலத்தில் கோட்டை விட்டவை நிறைய. ஆனால் இன்றைக்குச் சொல்லப்போவது அதைப் பற்றி அல்ல. துளி பிசகில்லாமல் நான் கண்டுபிடித்த ஒன்றைப் பற்றித்தான். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

காங்கேயத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் மில். மில்லும் முதலாளி வீடும் ஒரே காம்பவுண்டுக்குள். நடுவில் களம். பெண்கள் தேங்காய்ப் பருப்பைப் பரப்பிக் காயவைக்கிற இடம் அது. மார்கழி மாதத்தில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரத்தில், முதலாளியைக் கோயிலுக்கு அழைத்துப்போக டிரைவர் பழனிச்சாமி ஷெட்டிலிருந்து காரை எடுத்திருக்கிறார். வீட்டு வாசலை நோக்கி இறங்கும் சரிவில் கார் நிற்கவில்லை. களத்து ஓரத்தில் சாக்கு விரித்துக்கொண்டிருந்த மயிலாத்தா என்ற அம்மாவை இடித்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. மயிலாத்தாவுக்கு இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது.

"பிரேக் புடிக்கலீங்க" என்று பழனிச்சாமி தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து ஆய்வுக்கு வந்தவர் உச்சி வெயிலில் காரை ஓட்டிப் பார்த்தார். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. தூக்கக் கலக்கத்தில் கால் தவறி ஆக்சிலேட்டரை மிதித்திருப்பார் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். போலீஸ் வழக்கும் ஆனது. லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு கார் எங்கள் பணிமனைக்கு வந்தது. கூடவே பழனிச்சாமியும் வந்தார். மில்லில் அவ்வளவு காலம் வண்டி ஓட்டியவர். இப்போது இழுவை வண்டியில் கிளீனர் பக்கத்தில் உட்கார்ந்து வந்து இறங்கினார். எங்கள் வரவேற்பு அறையில் ஏசி இருக்கிறது, சோபா இருக்கிறது. அவர் வெளியே டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றேன்.

"இருக்கட்டுமுங்க. ஏனுங்க சார், காலு நம்மள ஏமாத்துமுங்களா? பிரேக்கத்தான் மிதிச்சேன்னு சாமி சத்தியமா தெரியுது. ஆனா ஊரே இல்லைங்குது. படுத்தா காலு தானா ஆடுது. இப்ப என்ற காலையே எனக்கு நம்ப முடியலீங்க."

இந்த இடத்தில் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்தக் காரில் இருக்கும் பிரேக் ஆக்சுவேட்டர் என்பது நம் கைக்கு அடங்குகிற ஒரு பெட்டி. நீங்கள் பெடலை மிதித்தால், அதை உணர்ந்து, உள்ளே இருக்கும் பம்பு ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும். அது செத்துப்போனால் பெடல் கல்லாகிவிடும். என்னதான் மிதித்தாலும் வண்டி அதன் பாட்டுக்குப் போகும்.

ஸ்கேனரைப் போட்டோம். காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பிழைக் குறியை நாங்கள் 'கோடு' என்போம்; பிரேக் அழுத்தம் குறைவு என்று ஒரே ஒரு கோடு இருந்தது. அந்தக் கோடு விழுந்த கணத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது, பெடல் முழு பலத்தோடு மிதிபட்டிருந்தது. எங்கள் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "மோதுன அதிர்ச்சியில வந்த கோடு. மோதுனதுக்கு அப்புறம் பயத்துல மிதிச்சிருப்பான்" என்றார். பையன்கள் காரை எடுத்துக்கொண்டு அவிநாசி ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். பிரேக் பிரமாதம். "கோளாறு இல்லைன்னு எழுதி அனுப்பிருங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் சாப்பிடப் போனார்.

நான் எழுதவில்லை. டயர் அடுக்குக்கே திரும்பிப் போனேன்.

"இதுக்கு முந்தி எப்பவாச்சும் பெடல் ஒரு மாதிரி இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்களே. குளிரு ஆரம்பிச்சதுல இருந்து காத்தால வண்டிய எடுத்தவொடனே கெட்டியா இருக்கும். கொஞ்ச தூரம் போனா சரியாப் போயிரும். சின்னவருகிட்டக்கூடச் சொன்னேனுங்க. 'வண்டி புதுசு பழனிச்சாமி, உன்ற காலுதான் பழசு'ன்னு சிரிச்சாரு."

சின்னவர் என்றால் முதலாளியின் மகன். தை மாதம் கல்யாணம் வைத்திருந்த பிள்ளை.

தம்பிகளா, அம்மணிகளா, இதை மட்டும் காதைத் திறந்து கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவன் 'காலையில் மட்டும்' என்று சொன்னால், மத்தியானம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் 'கோளாறு இல்லை' என்று எழுதுகிறவன் மெக்கானிக்கே இல்லை, சோம்பேறி. அன்றைக்கு எங்கள் பணிமனை முழுக்கச் சோம்பேறிகள். ஆய்வுக்கு வந்தவரும் அந்தக் கூட்டம்தான்.

காரை இரவு முழுக்கத் திறந்த வெளியில், பனியில் நிறுத்தினேன். எங்கள் வாட்ச்மேன் அறையிலேயே பழனிச்சாமியைத் தங்கச் சொன்னேன். மறுநாள் வெள்ளென எழுந்து குளிக்கப் போனால், குளியலறை மாடத்தில் என் தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளையாக உறைந்து நின்றது. மார்கழியில் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் தலைக்குத் தேய்த்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பணிமனைக்கு வந்ததும் பழனிச்சாமியை விட்டே காரில் ஏறச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார். விபத்துக்குப் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. "நகராத வண்டிதானுங்க, சும்மா மிதிச்சுப் பாருங்க" என்று சொல்லி உட்காரவைத்து ஸ்டார்ட் செய்தேன். பயந்துகொண்டே காலை வைத்தார். மிதித்தார். உடனே போட்டாரே ஒரு கத்து!

"இதேதானுங்க! சார், இதேதான்! வந்து பாருங்க, கல்லாட்டம்! அன்னைக்கும் இதேதானுங்க!"

நானும் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். கல்லேதான். பானெட்டைத் தூக்கி பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தேன். மேலே வெள்ளையாக ஓர் ஏடு கட்டியிருந்தது. பிரேக் ஆயில் எந்தக் குளிரிலும் உறையாது. ஒரு விரலால் அதை வழித்து மூக்கில் வைத்தேன். என் தலையிலும் அதே வாசம்தான் அடித்துக்கொண்டிருந்தது.

தேங்காய் எண்ணெய்!

ஆக்சுவேட்டரைக் கழற்றினோம். ஆயில் உள்ளே போகிற வாயில் ஒரு வலை இருக்கும். அது முழுக்க வெள்ளை அடைப்பு. காலைக் குளிரில் உறைந்துபோய்ப் பம்புக்கு ஆயில் கிடைக்காமல் செய்துவிடும். என்ஜின் சூடேறினால் உருகிவிடும். வெயில் ஏறினால் கேட்கவே வேண்டாம், ஒரு குறையும் இருக்காது. உள்ளே இருந்த ரப்பர் வாஷர்களும் எண்ணெய் குடித்து ஊதிக் கிடந்தன.

"உங்க காலு சரியாத்தாங்க மிதிச்சிருக்கு, மிசின்லயே இருக்குது" என்றேன். அந்த மனிதர் அங்கேயே கீழே உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் கலங்கியது, அதில் என்ன வெட்கம்? இந்தத் தொழிலில் அப்படி ஒரு காலைப்பொழுது எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

அந்த எண்ணெய் எப்படி உள்ளே போனது? டிக்கியைத் திறந்ததும் விளங்கிவிட்டது. சர்வீஸ் முடிந்து மீதமாகும் பிரேக் ஆயிலை அந்த பாட்டிலோடேயே டிக்கியில் வைத்து அனுப்புவது எங்கள் பணிமனைப் பழக்கம். மில்லுக்கு வேறொரு பழக்கம். அங்கே வந்தவர் யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது. மூடி இறுக்கமாக இருக்கிற எந்த பாட்டில் கிடைத்தாலும் கழுவி எண்ணெய் நிரப்பி வைத்துவிடுவார்கள். சொந்தக்காரர்களுக்கு ஒன்று, கோயில் விளக்குக்கு ஒன்று என்று காரிலும் எப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும். அப்படித்தான் 'பிரேக் ஆயில்' என்று லேபிள் ஒட்டிய எங்கள் பாட்டிலிலும் விளக்கெரிக்கிற எண்ணெய் ஏறியிருந்தது. பாதி காலியாகி, மீதி உறைந்து அங்கேயே கிடந்தது. இரண்டு நல்ல பழக்கங்கள் சேர்ந்து ஓர் அம்மாவின் இடுப்பை ஒடித்துவிட்டன.

இப்போது பாருங்கள், எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். "வண்டிக்கு என்ன ஆச்சுன்னு கேளு, யாரு பண்ணுனாங்கன்னு கேட்காத. அது நம்ம வேலை இல்ல" என்பார். மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரர். இதில் மட்டும் அவர் சொன்னது பச்சைக் கோழைத்தனம். யார் என்று நாம் கேட்காவிட்டால், கேட்க வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் தங்களுக்கு வசதியான ஒருவனைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அதை அன்றைக்கே பார்த்தேன்.

வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுங்கள் என்று முதலாளிக்குப் போன் செய்தேன். முதலாளியும் சின்னவரும் வந்தார்கள். எங்கள் மேனேஜரும் வந்து நின்றார். டப்பாவைக் காட்டினேன், வலையைக் காட்டினேன், கடைசியில் பாட்டிலை எடுத்து வைத்தேன். பெருமையாகத்தான் காட்டினேன், மறைப்பானேன்.

சின்னவர் பாட்டிலைப் பார்த்ததும் பட்டென்று சொன்னார்: "அட, இதத்தானே நான் தாராபுரம் போறப்ப ஊத்துனேன்! பழனிச்சாமி லீவு, நான்தான் வண்டி எடுத்துட்டுப் போனேன். பிரேக் ஆயில் கம்மின்னு லைட் எரிஞ்சுச்சு. டிக்கியில பாத்தா இது இருந்துச்சு. லேபிள்ல பிரேக் ஆயில்னுதானுங்களே போட்டிருக்குது?"

அந்தப் பிள்ளை மீது அந்த நிமிடம் வரை எனக்குக் கோபமே இல்லை. அப்போது வெயில் காலம், எண்ணெய் தெளிவாக இருந்திருக்கும். லேபிளை நம்பி ஊற்றியிருக்கிறார். நானாக இருந்தாலும் ஊற்றியிருப்பேன். அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது, இனி பழனிச்சாமிக்கு விடுதலை என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

முதலாளி, தன் மகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழனிச்சாமியைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை, அதட்டவில்லை.

"ஏம்ப்பா பழனிச்சாமி, நீதானே ஊத்துன?"

பழனிச்சாமி சின்னவரைப் பார்த்தார். சின்னவர் பாட்டிலைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார் பழனிச்சாமி. "நாந்தானுங்க ஊத்துனேன். தெரியாம பண்ணிப்போட்டேனுங்க."

"என்னங்க இது அநியாயம்! இப்பத்தானே அவரே சொன்னாரு, எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தோம்!" என்று கத்தினேன். மேனேஜர் என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "நீங்க மெக்கானிக்கா, வக்கீலா? ஆக்சுவேட்டர்ல குறை இல்ல, எண்ணெய் கலந்ததுதான் காரணம். நமக்கு அது போதும்" என்றார். அவருக்குப் போதும்தான். கம்பெனி மேல் பழி இல்லை. முதலாளிக்கும் போதும், மகன் மேல் பழி இல்லை. எல்லாருக்கும் போதுமான ஓர் ஆள் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாயந்திரத்துக்குள் எங்கள் பையன்கள் போனிலெல்லாம் அந்த வெள்ளை வலையின் படம் சுற்றியது. பிரேக்குக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய டிரைவர் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தூ!

வெளியே வந்து பழனிச்சாமியைப் பிடித்து உலுக்கினேன். "அட பாவி மனுசா, இப்பத்தானே உங்க காலு உங்களுக்குத் திரும்பக் கெடச்சுது! எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"தை மாசம் கல்யாணமுங்க அவருக்கு. பொண்ணூட்டுக்காரங்க காதுல போலீசு, கேசுன்னு உழுந்தா என்னாவறதுங்க? நான் குடியிருக்கற ஊடும் அவங்களுதுங்க. என்ற பேரு எப்பவோ கெட்டுப்போச்சு. மயிலாத்தாளும் என்னையத்தான் குத்தஞ் சொல்லியிருப்பாங்க. அந்தம்மா மொகத்துல இனி என்னால முழிக்க முடியாதுங்க. கெட்டது கெட்டுப்போச்சு, அதோட இதும் சேந்துட்டுப் போகட்டுமுங்க."

நான் விடவில்லை. நடந்தது நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அது என் மேனேஜரின் மேசையைத் தாண்டவில்லை. ஸ்டேஷனுக்கு நானே நேரில் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாக நாற்காலி போட்டு, "டிரைவரே ஒத்துக்கிட்டாருங்க. உங்களுக்கு ஏனுங்க சார் இந்த வயசுல அலைச்சல்?" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். வழக்கு முடிந்தது. பழனிச்சாமிக்குத் தண்டனை ஆனது, லைசென்ஸும் போயிற்று. அதற்கு முன்பே, அந்தத் தையிலேயே, ஊரே மெச்சக் கல்யாணம் நடந்து முடிந்திருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு சித்திரை மாதம் காங்கேயம் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனேன். கால் தானாக மில்லுக்கு இழுத்துக்கொண்டு போனது. பழனிச்சாமி உள்ளே எண்ணெய்த் தொட்டியின் குழாயடியில் உட்கார்ந்து பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தார். அந்த வேலையைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பெருந்தன்மை! என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். நலம் விசாரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங்க சார், அன்னைக்கு நான் மிதிச்சேன்னு மிசின்லயே இருந்துச்சுதுங்களே, அத மயிலாத்தாகிட்ட ஒருக்கா சொல்லிப்போட்டு வாரீங்களா? வேறொண்ணும் வேண்டாமுங்க. மிதிச்சேன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். ஊடு பக்கத்துலதானுங்க."

போனேன். மயிலாத்தா வாசலில் நாற்காலி போட்டு, கைக்கெட்டுகிற இடத்தில் ஊன்றுகோலைச் சாய்த்துவைத்து உட்கார்ந்திருந்தார். நான் இன்னார் என்று சொன்னேன். "அம்மா, பழனிச்சாமி அன்னைக்கு பிரேக்க மிதிச்சாருங்க. வண்டிதான் நிக்கல" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதுங்களா?" என்றார். "கண்ணாடிக்குள்ள அவரு மொகத்தப் பாத்தேனே. எந்திரிச்சு நின்னுட்டு மிதிச்சாரு. கோயமுத்தூரு ஆசுபத்திரியில படுத்துட்டே போலீசுக்காரருகிட்ட சொன்னேனுங்க, அவரு மேல தப்பில்லைன்னு. எழுதிக்கறேன்னாரு. அப்பறம் பாத்தா அந்த மனுசனே, நாந்தான் எண்ணெய ஊத்திக் கெடுத்தேன்னு ஒத்துக்கிட்டாருன்னாங்க. அட, நாம பரிஞ்சு பேசுனது வீணாப் போச்சேன்னு இருந்துச்சு. அவரும் இந்தப் பக்கம் வரல, நானும் கூப்புடல."

"அவரு ஊத்தலீங்கம்மா. ஊத்துனது..."

உள்ளேயிருந்து மருமகள் ஓடிவந்தாள். "ஏனுங்க, பேரச் சொல்லிப்போடாதீங்க. நான் அந்தக் களத்துக்குத்தான் வேலைக்குப் போறேனுங்க."

மயிலாத்தா மருமகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பேர் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. முதலாளியிடமும் ஆபீஸிலும் ஸ்டேஷனிலும் நான் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கு நான் கோயமுத்தூர்லதானுங்களே படுத்துக் கெடந்தேன்" என்றார். "காரோட ஓனருக்குச் சொன்னீங்க, உங்க ஆபீசுக்குச் சொன்னீங்க, போலீசுக்கும் சொன்னீங்க. இடுப்பொடிஞ்சு கெடந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு யாருக்கும் தோணலீங்களா?"

இங்கே இருக்கிற உங்களில் யாரிடமாவது அதற்குப் பதில் இருந்தால் சொல்லுங்கள். பழுதான வண்டி யாருடையது என்று நாம் நிரப்பும் படிவத்தில் கேட்கிறார்கள், இன்சூரன்ஸ் யார் என்று கேட்கிறார்கள். யார் மேல் ஏறியது என்று எந்தக் கட்டமும் கேட்பதில்லை. அதனால் நீங்கள் கேளுங்கள். கண்டுபிடித்ததை அடிபட்டவரிடம் போய் முதலில் சொல்லுங்கள். மேனேஜர் திட்டுவார், திட்டட்டும்.

திரும்பி மில்லுக்கு வந்தேன். பழனிச்சாமி பாட்டிலைக் குழாயில் பிடித்தபடியே, "சொல்லிப்போட்டீங்களா?" என்றார்.

"சொன்னேன். அவங்களுக்கு அப்பவே தெரியுமாம். நீங்க எந்திரிச்சு நின்னு மிதிச்சதப் பாத்தாங்களாம். உங்க மேல தப்பில்லைன்னு ஆசுபத்திரியில வச்சே போலீசுகிட்ட சொல்லியிருக்காங்க."

"எப்பங்க?"

"நீங்க ஒத்துக்கறதுக்கு முந்தியேங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டில் நிறைந்து எண்ணெய் அவர் கையில் வழிந்து, மடியில் வழிந்து, தரையில் ஓடியது. குழாயை நான்தான் மூடினேன்.